தபால்தலைச் சங்கத்தில் அப்படி என்னதான் பேசுவார்கள்?

ஸ்டாம்ப் கலெக்ஷன் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது ஆறாம் வகுப்புதான். ஒரு பழைய நோட்டு, அதில் பசை தடவி ஒட்டிய (ஒட்டவே கூடாது, அது வேறு கதை!) நாலைந்து வெளிநாட்டு ஸ்டாம்ப், பக்கத்து பெஞ்ச் பையனோடு ஒரு பேரம். எட்டாம் வகுப்பு வருவதற்குள் அந்த நோட்டு பரணுக்குப் போய்விடும். அதோடு முடிந்தது.

ஆனால் வளர்ந்த மனிதர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, இந்தத் தபால்தலைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஒரு அங்குலப் பேப்பரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கான பதில் கொஞ்சம் நீளம்.

சென்னையில் தென்னிந்திய ஃபிலாட்டலிஸ்ட்ஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. சுருக்கமாக 'சிபா'. ஆரம்பித்தது 1956-இல். அதாவது மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைப்பதற்கு முன்பிருந்தே கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்! இவர்கள் கூடுகிற இடம் அண்ணா சாலை தலைமை அஞ்சலகம். அங்கேதான் ஃபிலாட்டலி பீரோவும் இருக்கிறது, அதாவது சேகரிப்பவர்களுக்கென்றே தபால்துறை நடத்தும் விற்பனை இடம்.

அந்த வளாகத்துக்கே ஒரு கதை உண்டு. 1910-களின் தொடக்கத்தில் வார்விக் மேஜர் என்பவர் அங்கே 'எலெக்ட்ரிக் தியேட்டர்' என்று ஒரு சினிமா கொட்டகை கட்டினார். சென்னையின் ஆரம்பகால நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. ஊமைப் படக் காலம். 1915-இல் தபால்துறை அதை வாங்கிவிட்டது. கட்டடம் இன்றும் நிற்கிறது, தபால்தலைக்காரர்களுக்குத்தான் பயன்படுகிறது. ஊமைப் படம் ஓடிய இடத்தில் இப்போது இத்தனை பேச்சு :)

சரி, தபால்தலை சேர்க்க சங்கம் எதற்கு? வீட்டிலேயே உட்கார்ந்து சேர்க்கலாமே?

உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் இங்கிலாந்தில் வெளிவந்தது 1840 மே மாதம். அடுத்த இருபது இருபத்தைந்து வருடத்தில் சேகரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். 1864-இல் ஜார்ஜ் எர்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு 'ஃபிலாட்டலி' என்று ஒரு பெயரும் வைத்தார். 1869-இல் லண்டனில் சங்கம் வந்துவிட்டது. இந்தியாவில் 1897-இல் ஃபிலாட்டலிக் சொசைட்டி ஆஃப் இந்தியா தொடங்கியது. பெயர் வைத்து முப்பத்து மூன்றே வருடத்தில் இங்கேயும் சங்கம் வந்துவிட்டது என்றால், காரணம் இல்லாமல் இருக்காது.

காரணம் ரொம்ப எளிமையானது. தபால்தலையைத் தனியாகச் சேர்க்கலாம். ஆனால் தனியாகத் தெரிந்துகொள்ள முடியாது. கையில் இருப்பது அசலா போலியா, ஓரத்தில் உள்ள பல் எண்ணிக்கை சரியா, பின்பக்கப் பசை பழையதா, பிறகு தடவியதா, வெளிச்சத்தில் பிடித்தால் வாட்டர்மார்க் எந்தப் பக்கம் பார்க்கிறது... இதையெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் ஸ்டாம்ப்பைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால்தான் பிடிபடும். இன்றைக்கு நெட்டில் எல்லாமே கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் நெட்டில் இருப்பது படம். பேப்பரின் தடிமன் படத்தில் தெரியாது.

இந்த மாதிரிச் சங்கங்களின் கூட்டம் எப்படி இருக்கும்? பெரிய மேடை, பொன்னாடை, குத்துவிளக்கு என்று கற்பனை செய்ய வேண்டாம். ஒரு உறுப்பினர் தன் ஆல்பத் தாள்களைக் கொண்டுவருவார். கண்காட்சியில் வைப்பதென்றால் ஒரு பிரேமுக்கு 16 தாள், ஐந்து பிரேம் என்றால் 80 தாள். அவற்றை மாட்டி அல்லது கைக்குக் கை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள கதையைச் சொல்வார். நடுவில் ஒருவர் குறுக்கே புகுந்து, "அது அப்படி இல்லை சார்" என்பார். ஒரு விவாதம் நடக்கும். பிறகு வினாடி வினா, சின்னதாக ஒரு ஏலம், "உன்கிட்ட ரெண்டு இருந்தா எனக்கு ஒண்ணு கொடு" என்கிற பண்டமாற்று, டீ. அவ்வளவுதான்.

பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு மூன்று சாம்பிள் பார்க்கலாம். மூன்றுமே தபால்தலை உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். வெளியே இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

முதலாவது, '15'. திருவள்ளுவர் தபால்தலை 1960-இல் வந்தது. பாரதியார் தபால்தலையும் அதே 1960-இல். கணிதமேதை ராமானுஜன் 1962-இல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றிலும் விலை 15 என்றிருக்கும், கூடவே என்.பி. என்று இருக்கும். என்.பி. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, அதாவது 64 பைசா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 பைசா. பழைய பைசாவோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் 'நயா', அதாவது புதிய என்ற அடைமொழி. 1964-இல் குழப்பம் தீர்ந்து 'நயா' போய்விட்டது. சரி, ஏன் எல்லோருக்கும் 15? அப்போது சாதாரணக் கடிதத்துக்கான தபால் கட்டணம் அதுதான். வள்ளுவரும் பாரதியும் ராமானுஜனும் விலை உயர்ந்த பார்சலில் போகவில்லை. மாமனுக்கும் மச்சானுக்கும் எழுதிய சாதாரணக் கடிதத்தில் போனார்கள். ஒரு நாட்டின் நாணய வரலாற்றை மூன்று சின்னத் தாளில் நடத்தி முடித்துவிடலாம். காமர்ஸ் வகுப்பில் இதையே நடத்தினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

இரண்டாவது, 5 பைசா. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். செலவைச் சமாளிக்க அந்த வருடம் நவம்பர் 15 முதல் கடிதங்களுக்குக் கூடுதலாக 5 பைசா அகதி நிவாரண வரி போட்டது அரசாங்கம். தனி ஸ்டாம்ப் அச்சிட நேரமில்லை. ஏற்கெனவே இருந்த 5 பைசா குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்ப்பின் மேலேயே 'அகதி நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள். அதுவும் எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை. அதனால் பல ஊர்களில் அங்கங்கே ரப்பர் ஸ்டாம்ப் செய்து அடித்துக்கொண்டார்கள். எழுத்து ஒரு ஊரில் ஒரு மாதிரி, மை ஒரு ஊரில் ஒரு நிறம். பிறகு அதற்கென்றே தனி ஸ்டாம்ப் வந்தது, 1973-இல் வரியும் போய்விட்டது. ஆல்பத்தில் பார்த்தால் மை சிந்திய அழுக்குப் பேப்பர். கதை தெரிந்தால், ஒரு பெரிய நெருக்கடியில் ஏதோ ஒரு ஊர் போஸ்ட் மாஸ்டர் அவசரமாகத் தன் வேலையைச் செய்த அடையாளம்.

மூன்றாவது, காந்தி. சுதந்திரத்தின் முதலாம் ஆண்டு நிறைவில், 1948 ஆகஸ்ட் 15 அன்று, நாலு காந்தி தபால்தலைகள் வந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். வாழ்நாள் முழுக்கக் கதர், கிராமத் தொழில் என்று பேசியவரின் ஸ்டாம்ப் எங்கே அச்சானது தெரியுமா? சுவிட்சர்லாந்தில், கூர்வாசியே அச்சகத்தில்! இதைச் சொன்னதும் எந்தக் கூட்டத்திலும் ஒரு சலசலப்பு எழும். அதிலேயே பத்து ரூபாய் ஸ்டாம்ப்பில் நூறே நூறு பிரதிகளில் மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சு போட்டு கவர்னர் ஜெனரலின் அலுவலக உபயோகத்துக்குக் கொடுத்தார்கள். அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் யார்? நம்ம ராஜாஜி. அந்த நூறில் நாலு சேர்ந்திருந்த ஒரு தொகுதி 2017-இல் 5 லட்சம் பவுண்டுக்கு விற்றது.

5 லட்சம் பவுண்டு என்றதும் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். பரணில் இருக்கும் ஆறாம் வகுப்பு நோட்டு ஞாபகம் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

தபால்தலைச் சங்கத்துக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" பெரியவர்கள் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான். "தம்பி, முதல்ல இது என்னன்னு பாரு." கோபத்தில் சொல்வதில்லை. விஷயம் அப்படி. நூறு அச்சடித்ததற்கும் லட்சக்கணக்கில் அச்சடித்ததற்கும் உள்ள வித்தியாசம் டிமாண்ட்-சப்ளை படித்த யாருக்கும் புரியும். சாதாரண நினைவுத் தபால்தலைகள் பெரும்பாலும் பத்து இருபது வருடம் கழித்தும் வாங்கிய விலையைச் சுற்றியேதான் நிற்கின்றன. நடுவில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் நஷ்டம். இதில் நிச்சய லாபம் பார்ப்பது தபால்துறைதான். ஆல்பத்துக்குள் போன ஸ்டாம்ப்புக்குப் பணம் வாங்கியாயிற்று. ஆனால் கடிதம் எதையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதில்லை. செலவில்லாத வருமானம்!

"இல்லை, இது சூப்பர் முதலீடு" என்று யாராவது சொன்னால் ஸ்பெயின் கதையை ஞாபகப்படுத்துங்கள். ஃபோரம் ஃபிலாட்டெலிகோ, அஃபின்சா என்று இரண்டு கம்பெனிகள். தபால்தலையில் முதலீடு செய்யுங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், வட்டி நிச்சயம் என்றார்கள். லட்சக்கணக்கான சாதாரண மக்கள் சேமிப்பைக் கொட்டினார்கள். 2006 மே மாதம் போலீஸ் உள்ளே புகுந்தபோதுதான் தெரிந்தது, புதிதாக வருபவர் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது. ஸ்டாம்ப்புகளின் உண்மை மதிப்பு அவர்கள் போட்ட விலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. நம் ஊர் சீட்டுக் கம்பெனி, ஈமு கோழிக் கதைகளுக்கு அண்ணன் மாதிரி. பணம் போட்டவர்களில் எத்தனை பேர் ஒரே ஒரு நாள் ஒரு தபால்தலைச் சங்கத்துக்குப் போய், இது எவ்வளவு பெறும் என்று விசாரித்திருப்பார்கள்? விசாரித்திருந்தால் அரை மணி நேரத்தில் விடை கிடைத்திருக்கும்.

ஆக, ஒரு ஸ்டாம்ப்பின் மதிப்பு அந்தப் பேப்பரில் மட்டும் இல்லை. அதைப் பற்றித் தெரிந்தவர்களிடமும் இருக்கிறது. இங்கேதான் கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம் வருகிறது.

சேகரிப்பவர் ஒருவர் இறந்துபோனால் ஆல்பம் வாரிசுகளுக்கு வரும். சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் எந்தத் தாளில் இருப்பது அபூர்வம், எந்த ரப்பர் ஸ்டாம்ப் எந்த ஊருடையது, எதை ஏன் நாற்பது வருடமாகத் தேடினார் என்பது அவர் தலையில் இருந்தது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. கொஞ்ச நாள் பீரோவில் இருக்கும். வீடு மாறும்போது பழைய பேப்பர் கடை, அல்லது மொத்தமாக ஒரு வியாபாரி. அவர் ஒரு சங்கத்தில் இருபது வருடம் பேசியிருந்தால், கேட்ட நாலு பேரிடமாவது அந்த விஷயம் இருக்கும். பேச்சும் டீயும் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஒருவர் தெரிந்துகொண்டது இன்னொருவருக்குப் போய்ச் சேரும் வழி அது ஒன்றுதான். கேட்க எதிரே நாலு இளம் முகம் இருந்தால்தான் போய்ச் சேரும்.

இளம் முகங்கள் எங்கே? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் ஒரு வழி செய்திருக்கிறது. 2017-இல் தீன் தயாள் ஸ்பர்ஷ் யோஜனா என்று ஒரு உதவித்தொகைத் திட்டம் வந்தது. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும், தபால்தலை சேர்க்கும் மாணவர்களுக்கு மாதம் 500 ரூபாய், வருடத்துக்கு 6,000. நாடு முழுக்க 920 பேருக்கு. பள்ளியில் ஃபிலாட்டலி கிளப் இருக்க வேண்டும், அல்லது மாணவர் பெயரில் தபால்துறையில் ஃபிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட் இருக்க வேண்டும். அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பள்ளிகளுக்கு வழிகாட்டியாக இருக்கவும் திட்டத்தில் இடம் உண்டு. 920 பேருக்கு 6,000 என்றால் வருடத்துக்கு 55 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒரு மத்திய அரசுத் திட்டத்துக்கு இது சில்லறைக் காசு. நல்ல திட்டம்தான்.

ஆனால் அது ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிறகு பப்ளிக் எக்ஸாம், காலேஜ், வேலை, கல்யாணம். மறுபடி நேரம் கிடைப்பது ரிட்டயர் ஆன பிறகுதான். பதினைந்து வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் நடுவில் பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தின் வயதுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பது அண்ணா சாலையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வர ஆரம்பித்தது. 2006-இல் நோக்கியா வந்து, 2014-இல் மூடிவிட்டுப் போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர் லாரி, 2013-இல் ராயல் என்ஃபீல்ட். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியே திறந்திருக்கிறார்கள். ஒரே விடுதியில் ஒரு சின்ன டவுனே இருக்கிறது!

இந்தப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஷிப்ட், கம்பெனி பஸ், ரூம், தூக்கம், போன். வார லீவு எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமையாகவும் இருப்பதில்லை. சம்பளம் வருகிறது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் லீவு நாளில் தன் லைனில் வேலை பார்க்காத, தன் ஊர்க்காரர் இல்லாத, தன் வயது இல்லாத ஒருவரோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேச ஓர் இடம் எங்கே இருக்கிறது? கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. சங்கம் என்று சொன்னால் தொழிற்சங்கம்தான் ஞாபகம் வரும், அது வேறு வேலை. சும்மா ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்காகக் கூடுகிற இடம் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் தபால்தலையோடு சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது இங்கேதான். மூன்றே மாதத்தில், அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 20 அன்று, அவருக்குத் தபால்தலை வந்தது. ராமானுஜர் பிறந்த ஊரும் இதுதான். அவருடைய ஆயிரமாவது ஆண்டுக்கு 2017 மே 1 அன்று தபால்தலை வெளியானது. ஆயிரம் வருட இடைவெளியில் இரண்டு பேர். ஒருவர் இங்கே பிறந்தார், ஒருவர் இங்கே இறந்தார். நினைவிடத்தைத் தாண்டியும் கோயிலைத் தாண்டியும் தினமும் கம்பெனி பஸ் போகிறது. இந்த இரண்டு தபால்தலையை வைத்தே ஒரு மாலைக் கூட்டம் நடத்தலாம். பேசுவதற்கு வெளியூரிலிருந்து ஆள்கூடத் தேவையில்லை, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் போதும். மூன்றாவதாக அவரவர் ஊருக்கு வந்த தபால்தலையை ஒவ்வொருவரும் தேடிக் கொண்டுவரட்டும். ஒடிசாவிலிருந்து வந்த பையன் கோனார்க்கைக் காட்டட்டும், திருநெல்வேலிப் பெண் பாரதியைக் காட்டட்டும். பாஷை சரியாகத் தெரியாவிட்டால் என்ன, கையில் காட்ட ஒரு படம் இருக்கிறதே!

"இதெல்லாம் நடக்கிற காரியமா, இப்போ யார் கடிதம் போடறாங்க?" என்று கேட்கலாம். உண்மைதான். கவுண்டரில் கொடுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் பார்கோடு ஸ்டிக்கர்தான் இருக்கிறது. பதிவுத் தபாலையே 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஆனால் கடிதம் குறையக் குறைய, கடிதம் இருந்த காலத்தைச் சொல்ல ஆள் வேண்டும் என்பதும் சேர்ந்தே வருகிறது. சொல்லக்கூடியவர்கள் இன்னும் அண்ணா சாலையில் கூடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் நாற்பது கிலோமீட்டரில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்க்கப் பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். ஒரு காலேஜில் ஒரு வகுப்பறை, ஷிப்ட்டுக்குத் தோதாக ஒரு நேரம், மாதத்துக்கு ஒரு முறை. டீ செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

அதுவரை, லீவு நாளில் அண்ணா சாலை பக்கம் போகிறவர்கள் அந்தத் தலைமை அஞ்சலகத்தில் ஒரு முறை எட்டிப் பாருங்கள். சிபா கூட்டம் அடுத்து எப்போது என்று விசாரியுங்கள். ஆசை வந்தால் 200 ரூபாய் கட்டி ஃபிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட் திறந்தால், புதுத் தபால்தலைகள் வீட்டுக்கே வரும். ஆசை வராவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பரணில் அந்தப் பழைய நோட்டு இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் "எவ்வளவுக்குப் போகும்" என்று மட்டும் முதலில் கேட்டுவிடாதீர்கள் :)